வெய்யிலில் கண் திறக்க முடியாத பிள்ளை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த மரபணு ஒன்று இருக்கிறது. சி.என்.ஜி.பி.3. எட்டாம் நிறமூர்த்தத்தில் இருப்பது. அக்காவின் மாமியாருக்கு அந்த எழுத்துகள் வாயில் வராது, "எட்டாம் நம்பர்" என்பார். யாராவது "பிள்ளைக்குக் கண்ணில என்ன?" என்று கேட்டால், "அது எட்டாம் நம்பரில ஒரு பிழை, தாய் தேப்பன் ரெண்டு பேராலயும் வந்தது" என்று அவரே விளக்கம் கொடுக்கிறார். இந்த ஒரு வசனத்துக்கு வந்து சேர எங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறவள். ஆனாலும் இந்த மரபணுவை நான் ஆழமாகப் படித்தது எங்கள் பிள்ளைக்காகத்தான்.

பிள்ளை அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன். பிறந்து சில கிழமைகளிலேயே அவனுடைய கண்மணிகள் இரண்டும் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கின. காலையில் முற்றத்துக்குக் கொண்டுவந்தால் கண்களை இறுக மூடிக்கொண்டு அழுவான். உள்ளே, ஜன்னல் சாத்திய அறைக்குக் கொண்டுபோனால் அழுகை நின்றுவிடும். பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரம் அவனைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பெரிதாக விரித்து எல்லாவற்றையும் பார்ப்பான், எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். பகலில் ஒரு பிள்ளை, இரவில் இன்னொரு பிள்ளை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து வெளிச்சம் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. சுண்ணாம்புக்கல் நிலம், வெள்ளை மணல் முற்றம், வெள்ளை அடித்த மதில், மூன்று பக்கமும் நீர். எல்லாம் வெய்யிலைத் திருப்பி அடிக்கும். பண்ணைப் பாலத்தால் மத்தியானம் தீவுப் பக்கம் போகிறபோது இரண்டு கரையிலும் நீரேரி பளபளக்கும். நல்ல கண் உள்ளவர்களுக்கே கண்ணீர் வரும். அவனை முன்னால் வைத்துக்கொண்டு அத்தான் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைக் கடந்தால், தகப்பனின் வயிற்றோடு முகத்தைப் புதைத்தபடிதான் மறுகரைக்குப் போவான்.

முதலில் நாவூறு என்றார்கள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அப்புறம் சத்துக் குறைவு என்றார்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, மீனெண்ணெய் என்று ஒழுங்காகக் கொடுத்தார்கள். மாலைக்கண்ணுக்கு இந்த உணவெல்லாம் உண்மையிலேயே உதவும். இரவில் பார்க்க உதவும் நிறப்பொருளை ஆக்குவதற்கு விற்றமின் ஏ வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைக்கு இரவில் ஒரு குறையும் இல்லை, பகல்தான் பிரச்சினை. இந்தத் தலைகீழ் நிலையை யாரும் கவனமாகக் கேட்கவில்லை. ஒரு கிளினிக்கில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். போட்டும் பலன் இல்லை. இன்னோரிடத்தில், பிறவியிலேயே தோலிலும் கண்ணிலும் நிறம் குறைந்த நிலையாக இருக்கலாம் என்றார்கள். அதிலும் கண் ஆடும், வெளிச்சம் கூசும். ஆனால் அவன் தோலும் மயிரும் எங்கள் எல்லோரையும் போலக் கறுப்பு.

கடைசியில் கொழும்பில் ஒரு கண் வைத்தியர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "இரவில் எப்படி?" என்பதுதான். அக்கா அழுதுவிட்டாராம். அவர் ஈ.ஆர்.ஜி. எடுக்கச் சொன்னார். அது விழித்திரையின் மின்பதிவு. கண்ணில் நுண்ணிய மின்வாய் வைத்து, வெளிச்சத்தைப் பளிச்சிட்டு, விழித்திரை எழுப்பும் மின்னழுத்தத்தைப் பதிவார்கள். இருட்டில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு மங்கலான ஒளியைக் காட்டியபோது அவனுடைய விழித்திரை நன்றாகவே பதில் கொடுத்தது. பிறகு பிரகாசமான பின்னணியில் செக்கனுக்கு 30 தடவை ஒளியைச் சிமிட்டினார்கள். பதிவில் ஒரு நேர்கோடுதான் வந்தது. கூம்புக் கலங்கள் பேசவில்லை. நோயின் பெயர் அக்ரோமடோப்சியா. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது.

விழித்திரையில் பார்வைக்கான ஒளிக்கலங்கள் இரண்டு வகை. கோல்கள் 12 கோடி அளவில், கூம்புகள் 60 இலட்சம் அளவில். கோல்களுக்கு மங்கல் வெளிச்சம் போதும். ஆனால் அவற்றால் நிறம் பிரிக்க முடியாது. பட்டப்பகல் வெளிச்சத்தில் அவை தங்கள் உச்ச அளவை எட்டிவிடும். அதற்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அவற்றால் வேறுபாடு சொல்ல முடியாது. பகலும் நிறமும் நுணுக்கமும் கூம்புகளின் வேலை. விழித்திரையின் நட்டநடுவில் உள்ள சிறு குழியில் கூம்புகள் மட்டும்தான், கோல்கள் அறவே கிடையா. வாசிப்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும், மீனில் முள் பார்த்து எடுப்பதும் அந்தக் குழியால்தான். கூம்பு வேலைசெய்யாத பிள்ளைக்கு வெய்யிலில் எல்லாம் வெள்ளையாகிக் கரையும், நிறம் என்று ஒன்றும் இருக்காது, உற்றுப் பார்க்க வேண்டிய நடுப்புள்ளியே வெறுமையாக இருக்கும். கண்மணி நடுங்குவதற்கும் இந்த வெறுமைக்கும் தொடர்பு உண்டு. பார்வைக்கூர்மை பொதுவாக 6/60 அளவில் நிற்கும். மற்றவர் 60 மீற்றரில் இருந்து வாசிக்கிற எழுத்தை இவர்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்க வேண்டும்.

சரி, இதில் அந்த மரபணு எங்கே வருகிறது? இந்தப் பாடத்தை எடுக்கும்போது ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அவ்வளவு அழகான பொறிமுறை.

கூம்புக் கலத்தின் வெளிமுனை மென்சவ்வில் எண்ணற்ற நுண்ணிய படலைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இந்தப் படலைகள் திறந்து கிடக்கும். சோடியம், கல்சியம் அயன்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கலமும் அடுத்த கலத்தை நோக்கி குளூட்டமேற் என்ற இரசாயனத்தை விடாமல் சுரந்துகொண்டிருக்கும். படலையைத் திறந்து பிடித்திருப்பது சைக்கிளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. வெளிச்சம் வந்து கூம்பின் நிறப்பொருளில் பட்டதும் அது வடிவம் மாறும். அது ட்ரான்ஸ்டியூசின் என்ற புரதத்தைத் தூண்டும். ட்ரான்ஸ்டியூசின் ஒரு நொதியத்தைத் தூண்டும். அந்த நொதியம் சைக்கிளிக் ஜி.எம்.பி.யை வெட்டித் தள்ளும். பிடித்திருந்த கை விட்டுப்போனதும் படலை சாத்திக்கொள்ளும். அயன் வரவு நிற்கும், குளூட்டமேற் சுரப்புக் குறையும். அந்தக் குறைவுதான் "வெளிச்சம் வந்திருக்கிறது" என்று மூளைக்குப் போகும் செய்தி. இருட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் கலம் வெளிச்சம் கண்டதும் அமைதியாகிறது. நாங்கள் பார்ப்பதெல்லாம் இந்த அமைதியால்தான் என்பதை எத்தனை தடவை படிப்பித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒவ்வொரு படலையும் நான்கு புரதங்கள் வட்டமாகச் சேர்ந்து ஆனது. அதில் மூன்று சி.என்.ஜி.ஏ.3 என்ற மரபணு தருவது. அது இரண்டாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மிச்சம் ஒன்றே ஒன்று சி.என்.ஜி.பி.3 தருவது, 809 அமினோ அமிலங்கள் நீளமானது. இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கு நிச்சயமானது மிக அண்மையில்தான். 2022இல் மனிதக் கூம்பின் படலையைக் கடுங்குளிரில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படமெடுத்துக் காட்டினார்கள். அதுவரைக்கும் இரண்டுக்கு இரண்டு என்றும் ஒரு கருத்து இருந்தது. ஆய்வுகூடத்தில் சி.என்.ஜி.ஏ.3 மட்டும் கொடுத்தாலும் அது தன்னந்தனியே ஒரு படலையைக் கட்டிக்கொள்ளும். சி.என்.ஜி.பி.3 தனியே நின்று எதையும் கட்டாது. ஆனாலும் நாலில் ஒன்றான அந்தத் துணை இல்லாவிட்டால் படலையின் குணம் மாறிவிடுகிறது. மனிதருடைய கண்ணில் அது பார்வைக்குப் போதுவதில்லை.

கோல்களுக்கு வேறு படலை, வேறு மரபணுக்கள். சி.என்.ஜி.ஏ.1, சி.என்.ஜி.பி.1. எங்கள் பிள்ளையிடம் அவை இரண்டும் நலமாக இருக்கின்றன. அவனுடைய இரவு குறையின்றி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் உதவியோடு மரபணுச் சோதனை செய்தோம். அக்ரோமடோப்சியாவை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் இதுவரை ஆறு அறியப்பட்டிருக்கின்றன. எங்கள் பிள்ளைக்கு சி.என்.ஜி.பி.3இன் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம். புரதம் பாதி வழியிலேயே நின்றுபோகும் வகையானது. பிள்ளையின் பெற்றோர் இருவரிடமும் தலா ஒரு பிழைப் பிரதியும் ஒரு நல்ல பிரதியும். நல்ல பிரதி ஒன்று போதும் என்பதால் அவர்களுடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இந்த முடிவு வந்த கடதாசிதான் எங்கள் வீட்டுச் சண்டையை நிறுத்தியது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அக்காவும் அத்தானும் மச்சாளும் மச்சானும். எங்கள் அம்மாவின் அண்ணன் மகன்தான் அத்தான். சின்ன வயதிலேயே பேசி வைத்த கலியாணம். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. பிள்ளைக்கு நிறம் தெரியாது என்று தெரிய வந்ததும், குடும்பத்தில் விஞ்ஞானம் படித்த ஒருவர் சாதாரணதரப் புத்தகத்தில் படித்ததை எடுத்து வைத்தார்: நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவது, தாயிடமிருந்துதான் மகனுக்குப் போகும். மாமிக்கு, அத்தானின் அம்மாவுக்கு, அது போதுமாக இருந்தது. "எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தரும் இல்லை" என்பார், சமையலறையில் அக்கா கேட்கக்கூடிய தூரத்தில் நின்று. அக்கா பதில் சொல்லமாட்டார். சாப்பாடு குறைந்தது, சிரிப்பு குறைந்தது. அத்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று ஒன்றும் பேச முடியாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

புத்தகத்தில் உள்ளது பிழையில்லை. சிவப்பும் பச்சையும் குழம்புகிற வழக்கமான நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியில் அருகருகே இருக்கும் ஓ.பி.என்.1.எல்.டபிள்யூ., ஓ.பி.என்.1.எம்.டபிள்யூ. என்ற மரபணுக்களால் வருவது. அவையும் கூம்புக் கலத்துக்கானவைதான், ஆனால் நிறப்பொருளை ஆக்குபவை. அவற்றில் குறை வந்தால் கூம்பு வேலைசெய்யும், சில நிறங்கள் மட்டும் குழம்பும். வெய்யில் கூசாது, கண் ஆடாது, வாசிக்கத் தடையில்லை. ஐரோப்பிய வழி ஆண்களில் 100 பேரில் 8 பேருக்கு அது உண்டு. எங்கள் பிள்ளைக்கு வந்தது முற்றிலும் வேறு. எட்டாம் நிறமூர்த்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இரண்டு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் பழுதானால்தான் நோய். ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல இடமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் விறாந்தையில் இருத்தி, கொப்பி ஒற்றையில் குடும்ப மரம் கீறிக் காட்டினேன். அம்மப்பா அம்மம்மாவிலிருந்து கோடு இழுத்தேன். ஒரு கோடு அம்மா வழியாக அக்காவுக்கு. மற்றக் கோடு மாமா வழியாக அத்தானுக்கு. மாமா, மாமியின் கணவர், ஆறு மாதம் முன்பே காலமாகிவிட்டார். மாமி அந்தக் கோட்டைக் கனநேரம் பார்த்தார். "அப்ப இவரிட்டயும் இருந்திருக்குதோ?" என்று கேட்டார். இருந்திருக்கும் மாமி, அவருக்கு அது தெரிய வழியே இல்லை, ஆர் கண்டது, என்றேன். அக்காவின் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டு அக்காவுக்கு முதல் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மரத்தில் இன்னொரு பெயரையும் எழுதினோம். அம்மப்பாவின் தம்பி, நாங்கள் சின்னத்தாத்தா என்று கூப்பிடுகிறவர். எந்நேரமும் கறுப்புக் குடையோடுதான் பகலில் வெளியே வருவார். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருப்பார். ஆட்களின் முகம் அவருக்குத் தெரியாது, குரலைக் கேட்டுத்தான் பெயர் சொல்வார். தோட்டத்தில் மிளகாய் ஆய விடமாட்டார்கள், பழமும் காயும் சேர்த்து ஆய்ந்துவிடுவார் என்று. ஊர் அவரைச் சோம்பேறி என்றது. பொழுதுபட்டால் ஆளே மாறிவிடுவார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போன வருசங்களில், ஜாம்போத்தல் விளக்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லோரும் தட்டுத் தடுமாறிய நேரம், அவர் ஒழுங்கைகளில் விளக்கில்லாமல் சைக்கிளில் போய் வருவார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்தபோது நான் சின்னப்பிள்ளை. நாவற்குழிப் பக்கம் அந்த நெரிசலிலும் இருட்டிலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்து, பள்ளம் எங்கே, வண்டில் எங்கே என்று சொல்லிக்கொண்டு போனது சின்னத்தாத்தாதான்.

அவருக்கு எங்களைவிடக் கூடிய இரவுப் பார்வை இருந்திருக்க வேண்டியதில்லை. கோல்கள் எல்லோருக்கும் இருப்பவைதான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கோல்களால் மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவருக்கு இருட்டு பழகிய இடம். அவரைச் சோதிக்க இன்றைக்கு வழியில்லை. ஆனால் அம்மா இப்போது அவரைப் பற்றிப் பேசும்போது "பாவம், அந்தாளைச் சோம்பேறி எண்டு சொன்னமே" என்று கண் கலங்குகிறார்.

இருட்டில் இப்படித் தேர்ந்தவர்கள் உலகத்தில் வேறு இடத்திலும் இருக்கிறார்கள். பசிபிக் சமுத்திரத்தில் மைக்குரோனேசியாவில் பிங்கெலாப் என்று ஒரு சிறு பவளத்தீவு. 1775 அளவில் ஒரு பெரும் புயலும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ இருபது பேரைத்தான் மிச்சம் விட்டன. தப்பியவர்களில் ஒருவரிடம், அது தீவின் தலைவர் என்கிறார்கள், இதே சி.என்.ஜி.பி.3இல் ஒரு மாற்றம் இருந்திருக்கிறது. புரதத்தின் 435ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் பீனைல்அலனின். வெளியார் வந்து கலக்காத தீவு. சில தலைமுறை கடந்ததும் அங்கே நூற்றுக்கு 4 முதல் 10 பேர் வரை நிறம் தெரியாதவர்களாகப் பிறந்தார்கள். அவர்களில் பலர் இரவு மீன்பிடியில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். 2000ஆம் ஆண்டில் இந்த மரபணுவையும் நோயையும் முடிச்சுப் போட்ட ஆய்வுகளில் அந்தத் தீவு மக்களின் இரத்தமும் இருந்தது.

எங்களுக்குப் புயல் தேவைப்படவில்லை. காணி பிரியக்கூடாது, சீதனம் வெளியே போகக்கூடாது, அறிந்த இடத்தில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கனகாலமாக ஊருக்குள்ளும் உறவுக்குள்ளும் கலியாணம் செய்து வந்திருக்கிறார்கள். அதில் உள்ள பாசத்தையும் பாதுகாப்பையும் நான் இழிவாகப் பேசமாட்டேன். போர்க்காலத்தில் எங்களைத் தாங்கியது அந்த உறவுதான். ஆனால் இதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்குள் அடுத்த மச்சான் மச்சாள் கலியாணம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறத்தான் வேண்டும். சாதகப் பொருத்தம் பார்க்கிற எங்களுக்கு இன்னொரு பொருத்தம் பார்ப்பது பாரமில்லை.

கணக்கு இதுதான். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்று. பெறாமகனுக்குக் கண் நல்ல தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவள் காவியாக, அதாவது நோய் இல்லாமல் ஒரு பிழைப் பிரதியை மட்டும் சுமப்பவளாக, இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. காவியாக இருந்தாலும் அவளுடைய பார்வைக்கு ஒன்றும் இல்லை. பெறாமகன் வளர்ந்து கலியாணம் செய்தால் அவனுடைய பிள்ளைகள் எல்லோரும் ஒரு பிழைப் பிரதியைப் பெறுவார்கள். ஆனால் மனைவி அதே மரபணுவில் காவியாக இல்லாதவரை ஒரு பிள்ளைக்கும் நோய் வராது. உறவுக்கு வெளியே அப்படியொரு காவியைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. "இவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்" என்று இப்போதே கவலைப்படுகிற பெரியவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். புரோக்கரிடம் மறைக்கவும் வேண்டாம்.

பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. முதல் படித்த பள்ளிக்கூடத்தில் கறுப்புக் கண்ணாடி போடக்கூடாது என்றார்கள். சினிமாக்காரன் மாதிரி இருக்கிறதாம். கரும்பலகையைப் பார்க்காமல் குனிந்திருக்கிறான், கெட்டித்தனம் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். அவன் குனிந்தது ஜன்னல் வெளிச்சம் நேரே முகத்தில் அடித்ததால். இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமை வருகிறது. ஏழு வயதுப் பிள்ளை தன்னை மொக்கன் என்று நம்பத் தொடங்கியிருந்தான்.

இப்போது வேறு பள்ளிக்கூடம். அங்குள்ள ரீச்சர் வகுப்பு தொடங்க முன்பே எங்களை அழைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி முன் வாங்கில் இருக்கிறான். கண்ணாடி கடும் சிவப்பு, ஓரங்களும் மூடியது. சிவப்புக்குக் காரணம் இருக்கிறது. நீண்ட அலைநீளமான சிவப்பு ஒளியைக் கோல்கள் மிகக் குறைவாகவே உணரும். சிவப்பு வடிகட்டி மற்ற ஒளியைத் தடுத்துச் சிவப்பை மட்டும் உள்ளே விட்டால், கோல்கள் உச்சத்துக்குப் போய் முடங்காமல் வேலைசெய்யும். அதே காரணத்தால் சிவப்புப் பொருள் அவனுக்கு ஏறத்தாழக் கறுப்பு. கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் எழுதினால் அவனுக்குப் பலகை வெறுமை. இதைச் சொன்னபோது ரீச்சர் அந்தச் சோக்கை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இப்போது வெள்ளையில் எழுதி, முக்கியமானதுக்குக் கீழே கோடு போடுகிறார். வகுப்பு முழுவதற்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

நிறம் தெரியாததை நாங்கள்தான் பெரிய இழப்பாக நினைத்தோம். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கறுத்தக்கொழும்பான் பழுத்ததை முகர்ந்து பார்த்து, காம்படியை மெல்ல அழுத்திச் சொல்வான், தவறாது. நிறப்பென்சில்களில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். அவனை வருத்துவது வெய்யில். நல்லூர்த் திருவிழாவில் தேர் காலையில், வீதி மணல் முழுக்கத் தகதகக்கும். அவன் வரமாட்டான். அதற்கு முதல் நாள் இரவு சப்பறம். அன்றைக்கு அவனைப் பிடித்து வைக்க முடியாது. அத்தானின் தோளில் இருந்துகொண்டு சப்பறத்தின் ஒவ்வொரு தட்டிலும் என்ன உருவம் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுவான்.

சிகிச்சை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆனால் பாதி வழி வந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். சில நாய் இனங்களிலும் சி.என்.ஜி.பி.3 பழுதானால் பகலில் பார்வை போகும். அலாஸ்கன் மாலமியூட் அதில் ஒன்று. நோய் உண்டாக்காத ஒரு வைரசுக்குள் நல்ல மரபணுவை ஏற்றி விழித்திரைக்குக் கீழே ஊசியால் செலுத்தி, 2010இல் அந்த நாய்களின் கூம்புகளை வேலைசெய்ய வைத்தார்கள். இளம் நாய்களுக்கு நன்றாகப் பலித்தது, வயது போனவற்றுக்குக் குறைவாகவே பலித்தது. பிறகு மனிதர்களிலும் பரீட்சித்தார்கள். லண்டனில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் நாலு பேரை ஆராய்ந்து 2022இல் எழுதினார்கள். அதில் இரண்டு பேரின் மூளையில் முன்பு இல்லாத கூம்புச் சமிக்ஞை தெரிந்தது. 2023இல் ஜெருசலேமில் சி.என்.ஜி.ஏ.3 பழுதான சிலர், சிகிச்சைக்குப் பிறகு சிவப்புப் பொருள் பின்னணியிலிருந்து வேறாகத் தெரிவதாகச் சொன்னார்கள். எங்களைப் போல நிறம் பார்த்தார்கள் என்றில்லை. ஆனால் ஏதோ ஒன்று வந்திருக்கிறது.

இளம் வயதில் கூடிய பலன் என்பதால்தான் நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பது பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எந்த மரபணு என்று தெரியாமல் எந்தப் பரீட்சார்த்த சிகிச்சைக்கும் பெயர் கொடுக்க முடியாது. சி.என்.ஜி.ஏ.3க்கான மருந்து சி.என்.ஜி.பி.3க்கு உதவாது. எங்கள் ஊரில் கண் ஆடுகிற, வெய்யிலில் கண் மூடி அழுகிற கைக்குழந்தை யாருக்காவது இருந்தால் நாவூறு கழிக்கிறதைக் கழியுங்கள், அதே கிழமை கண் கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: விளக்கு வைத்த பிறகு பிள்ளை எப்படிப் பார்க்கிறது, இருட்டறையில் அழுகை நிற்கிறதா, குடும்பத்தில் வேறு யாராவது பகலில் குடையில்லாமல் வெளியே வராதவர் இருந்தாரா. பெற்றோர் இருவரும் என்ன உறவு என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஈ.ஆர்.ஜி. எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கு வேண்டிய தகவல் இவைதான்.